புள்ளியம்மாவின் பக்கங்கள்

அந்தப் பெரிய மருத்துவமனையின் வருகைப் பதிவேட்டில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளி உதட்டைப் பிதுக்குவார். புள்ளியம்மா என்று கேட்டால் போதும். இரண்டாம் மாடி, ஆவண அறைக்கு அடுத்த அறை, ஜன்னலோர மேஜை என்று கையை நீட்டி வழிகாட்டிவிடுவார்.

அந்தப் பட்டம் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே வந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. தட்டச்சர் வேலை. அன்றைக்கு இருந்த நிர்வாக அதிகாரிக்கு ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்க மனசு வராது. தண்ணீர்க் குழாய் ஒழுகுவது பற்றி அவர் எழுதிக் கொடுத்த கடிதம் முதல் வரியில் கிளம்பி, குழாயைத் தொட்டு, தொட்டியைச் சுற்றி, போன வருஷம் எழுதிய கடிதத்தையும் அதற்குப் பதில் வராததையும் வழியில் ஏற்றிக்கொண்டு, இரண்டாம் பக்கத்தின் பாதியில்தான் இறங்கியது. புதிதாக வந்த பெண் அதை அடிக்கும்போது நடுவில் மூன்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள். அதிகாரி கூப்பிட்டு, தான் வைக்காத புள்ளியை வைக்க அவள் யார் என்று கேட்டார். மூச்சு முட்டியது சார், அதனால் வைத்தேன் என்று அவள் சொன்னாள். குறும்புக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அறையில் இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள், அதிகாரியும் சிரித்தார். சிரித்துவிட்டுப் புள்ளி இல்லாமல் மறுபடி அடித்துக்கொண்டு வரச் சொன்னார். கடிதம் பழையபடி ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதிகம் பேசுகிறவர் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களோடு உட்காருவார். கதை கேட்பார், கதை சொல்ல மாட்டார். காகிதத்தில் கறை படிந்தால் முகம் மாறும். எழுத்து ஒன்றோடொன்று இடிக்காமல், ஓரம் கோணாமல், தலைப்பு நட்டநடுவில் நிற்க வேண்டும் என்பதில் பிடிவாதம். மற்றபடி யார் எது சொன்னாலும் சரி என்று போய்விடுகிற சுபாவம். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரே மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வருவார். தாமதமாக வந்ததாக ஒரு நாளும் பதிவு இல்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் ஆனபோது மருத்துவமனைக்கு ஓர் இணையதளம் வந்தது. செய்து கொடுத்த நிறுவனம் வெறும் சட்டகத்தை மட்டும் மாட்டிவிட்டுப் போய்விட்டது. உள்ளே எழுதி நிரப்ப ஓர் ஆள் வேண்டும். யார் என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்தார்கள். வேகமாகத் தட்டச்சு செய்கிறவர் புள்ளியம்மாதானே என்று யாரோ சொன்னார்கள். அத்தோடு வேலை அவர் தலையில் விழுந்தது.

அவர் அதை ஆசையாகத்தான் செய்தார். தட்டச்சு இயந்திரத்தில் கற்ற அழகெல்லாம் அங்கே வந்து இறங்கியது. தலைப்பை எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, அ றி வி ப் பு என்று பரப்பி வைத்தார். முக்கியமானதைத் தடித்த எழுத்தாக்கினார். விடுமுறை நாட்களைச் சிவப்பாக்கினார். மருத்துவர்கள் வரும் நேரத்தைக் கட்டம் கட்டமாகப் போட்டு, அது கலையாமல் இருக்கப் படமாக எடுத்து ஒட்டினார். பிரிவுகளிலிருந்து வரும் வாசகத்தை மட்டும் தொடவில்லை. இப்போது இருந்த நிர்வாக அதிகாரி, கக்கத்தில் ஒரு கோப்பு இல்லாமல் யார் கண்ணிலும் பட்டதில்லை. அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியதில் ஒரு கால்புள்ளி கூடாமல் குறையாமல் ஏற்றுவதுதான் தன் வேலை என்று புள்ளியம்மா நினைத்தார். ஒரு தடவை சூடுபட்டவர் அல்லவா.

ஆறு வருஷம் இப்படியே போயிற்று.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பகல்நேர அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுக்கக் கீழே இறங்கினார். அங்கே ஒரு தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது. பக்கத்தில் அவருடைய மருமகன் நின்றுகொண்டு செவிலியரிடம் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். விஷயம் இதுதான். தையல்காரருக்குக் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை. போன தடவை வந்தபோது காலையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தார் என்று திருப்பி அனுப்பினார்கள். இந்தத் தடவை ஒன்றும் சாப்பிடவில்லை. டீ மட்டும் குடித்தார். டீயும் கூடாது என்று மறுபடி திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டு தடவையும் மருமகன் வேலைக்கு லீவு போட்டு அழைத்து வந்திருக்கிறார்.

தையல்காரர் சண்டை போடவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். இணையதளத்தில் இருந்ததை அச்செடுத்தது. செவிலியர் அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டதால், கையில் கடிதத்தோடு நின்ற புள்ளியம்மாவை அலுவலக ஆள் என்று கண்டுகொண்டு, காகிதத்தை அவரிடம் நீட்டினார்.

"டீ குடிக்கக் கூடாதுன்னு இதுல எங்கம்மா இருக்கு? ரெண்டு தடவை படிச்சேன்."

புள்ளியம்மா வாங்கிப் பார்த்தார். தானே ஏற்றிய பக்கம். இருந்தும் சட்டென்று கண்ணில் படவில்லை. மேலே, மருத்துவமனை அறுவைச் சிகிச்சையில் எத்தனை ஆண்டுகள் அனுபவம் உடையது என்று நான்கு வரி. பிறகு கருவிகளின் பெருமை. பிறகு எந்தெந்தச் சான்றுகள் தேவை என்று ஒரு நீளம். விரலை வைத்துக்கொண்டு இறங்கினார். பதினோராவது வரியின் கடைசியில் ஆரம்பித்துப் பன்னிரண்டாவது வரியில் இருந்தது: 'திட மற்றும் திரவ ஆகாரங்கள் யாவும் முந்தைய தினம் இரவு முதற்கொண்டு தவிர்க்கப்படுதல் வேண்டும் என்பதோடு'. அந்த 'என்பதோடு' வேறு விஷயத்துக்குத் தாவிப் போயிருந்தது.

இங்கே இருக்கிறது என்று காட்டினார். தையல்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. தன் மீதுதான் தப்பு என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"திரவ ஆகாரம்னா டீயாம்மா? நான் கஞ்சி, கூழுன்னு நெனச்சேன்."

மாமனாரும் மருமகனும் எழுந்து போனார்கள். புள்ளியம்மா கடிதத்தைக் கொடுக்க மறந்து மாடி ஏறிவிட்டு, மறுபடி இறங்கி வந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் எடுத்துக் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கணவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். படிக்கத் தெரியும், ஆனால் வரிக்கு வரி விரல் வைத்துத்தான் படிப்பார். பாதியில் நிமிர்ந்து, இது எதற்கு என்று கேட்டார். ஆபரேஷனுக்கு வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றார் இவர்.

"இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள லிஃப்ட் ஒம்பது தடவை ஏறி எறங்கிடும்," என்றார் கணவர். "எங்க ஆளுங்க லிஃப்ட்ல ஒட்டறது என்ன? ஆறு பேருக்கு மேல் ஏறாதே. அவ்வளவுதான். லிஃப்ட் கம்பெனியோட பெருமையை எழுதினா ஏழாவது ஆளு ஏறிட்டுத்தான் படிப்பான்."

மறுநாள் புள்ளியம்மா இன்னொருவரிடம் கேட்க நினைத்தார். மருத்துவமனைக்குள் எந்தத் தொலைபேசியிலும் பூஜ்யத்தை அழுத்தினால் ஒரு குரல் எடுக்கும். தரைத் தளத்தில் படிக்கட்டுக்குக் கீழே உள்ள சின்ன அறையில் உட்கார்ந்திருக்கும் தொலைபேசி இயக்குநர். எல்லோருக்கும் அவர் ஜீரோ சார். வெளியிலிருந்து வரும் அழைப்பெல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போகும். சின்ன வயதில் மங்கலாக இருந்த பார்வை, இருபது வயதோடு முழுக்கப் போய்விட்டது. பதினோரு வருஷமாக இருவரும் ஒரே கட்டடத்தில் வேலை செய்தும், புள்ளியம்மாவுக்கு அவர் குரல்தான் பழக்கம். முகம் அவ்வளவாகத் தெரியாது.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது போன் செய்து கேட்கிறார்களா என்று விசாரித்தார். பத்து அழைப்பு வந்தால் ஆறோ ஏழோ இணையதளத்தில் இருக்கிற விஷயத்தைக் கேட்டுத்தான் வருகிறது என்று ஜீரோ சார் சொன்னார். அப்படியானால் ஏன் படிப்பதில்லை என்று இவர் கேட்டார். கீழே ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போங்கள் என்றார் அவர்.

அந்த அறையில் இரண்டாவது நாற்காலிக்கு இடம் இல்லை. புள்ளியம்மா வாசற்படியில் நின்றார். ஜீரோ சார் தன் கைபேசியை எடுத்து மருத்துவமனையின் பக்கத்தைத் திறந்தார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று கடகடவென்று ஓடியது. புள்ளியம்மாவுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. உங்களுக்காக மாட்டு வண்டி வேகத்தில் வைக்கிறேன் என்று சொல்லி, அவர் அதை மெதுவாக்கினார்.

குரல் நிதானமாக, "அ. றி. வி. ப். பு." என்றது.

புள்ளியம்மா தான் இடம் விட்டு அழகாகப் பரப்பிய தலைப்பைக் காதால் கேட்டார். அடுத்து, "இங்கே அழுத்தவும். இங்கே அழுத்தவும். இங்கே அழுத்தவும்," என்று போய்க்கொண்டே இருந்தது. பதினேழு தடவை.

"வீட்டுல பதினேழு கதவு இருக்கு," என்றார் ஜீரோ சார். "எல்லாக் கதவுலயும் 'கதவு'ன்னு எழுதி வச்சிருக்கீங்க. எது சமையலறை, எது குளியலறைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மருத்துவர்களின் நேரம் வந்த இடத்தில் குரல், "படம்," என்று சொல்லி நின்றுவிட்டது. எல்லா டாக்டர்களும் அந்தப் படத்துக்குள்ளே பத்திரமாக இருக்கிறார்கள் என்றார் அவர். சிவப்பு நாட்கள் விடுமுறை என்று புள்ளியம்மா சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். அவர் சிரித்தார். மனசில் வைத்துக்கொண்டு பேசுகிற ஆள் இல்லை. பார்வை உள்ளவர்கள் கண்ணை ஓட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவிப் பார்க்கிறார்கள் இல்லையா, அதுபோலத் தானும் கைபேசியில் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும் என்றார். ஆனால் இந்தப் பக்கத்தில் தலைப்பே இல்லை. இருக்கிறதே, தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேனே என்றார் புள்ளியம்மா. எழுத்தைத் தடியாக்கினால் அது குண்டு எழுத்துதான், தலைப்பு ஆகாது. இது தலைப்பு என்று இயந்திரத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எழுதுகிற இடத்தில் மேலே ஒரு பட்டியலில் தலைப்பு ஒன்று, தலைப்பு இரண்டு என்று இருக்கும், பாருங்கள் என்றார்.

மாடிக்கு வந்து பார்த்தார். இருந்தது. ஆறு வருஷமாகக் கண்ணெதிரே இருந்தது. எழுத்தின் அளவை மாற்றுகிற அலங்காரம் என்று நினைத்து அதை அவர் தொட்டதே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் மும்முரமாக இருந்தார். படத்துக்குள் இருந்த மருத்துவர்களை வெளியே எடுத்து வரிசையாக எழுதினார். சிவப்புக்குப் பக்கத்தில் 'விடுமுறை' என்ற வார்த்தையையும் போட்டார். ஒவ்வொரு இணைப்பிலும் அது எங்கே கொண்டுபோகும் என்பதை எழுதினார். 'இங்கே அழுத்தவும்' ஒன்றுகூட மிச்சம் இல்லை. கடைசியாக அறுவைச் சிகிச்சைப் பக்கத்துக்கு வந்தார். முப்பத்தோரு வரி இருந்ததை ஒன்பது வரியாக்கினார். முதல் வரி: 'முந்தின நாள் இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் வேண்டாம். சாப்பாடு, டீ, தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம்.'

நிர்வாக அதிகாரி அதைப் படித்துவிட்டு, இது மருத்துவமனை மொழி மாதிரி இல்லையே, பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிச் சொல்வது மாதிரி இருக்கிறதே என்றார். மரியாதை குறைந்துவிடும் என்று அவருக்குப் பயம். புள்ளியம்மா தையல்காரர் இரண்டு தடவை திரும்பிப் போனதைச் சொன்னார். அதிகாரி மறுநாள் நீண்ட விடுப்பில் போக வேண்டியிருந்தது. யோசிக்க நேரம் இல்லாமல் கையெழுத்துப் போட்டார். அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு தடவை அனுப்பிப் பார்க்கலாமா என்று புள்ளியம்மா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பக்கம் அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. அவருக்கு அதை அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும்போல் இருந்தது.

ஜீரோ சாரிடம் வரும் அழைப்புகள் குறைந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து திரும்பிப் போகிறவர்கள் குறைந்துவிட்டதாகச் செவிலியர்களும் சொன்னார்கள். ஐந்து வாரம் புள்ளியம்மா நிம்மதியாக இருந்தார்.

ஆறாவது வாரம் துணிகளுக்கு இஸ்திரி போடும் ஒரு பெண், பித்தப்பையில் கல் எடுப்பதற்காகக் காலையில் வந்தவர், காத்திருக்கும் இடத்திலேயே நாற்காலியிலிருந்து சரிந்தார். இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருந்தது. அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வலது கை ஒரு பகல் முழுக்க மரத்துக் கிடந்தது. விசாரித்ததில், தினமும் சாப்பிடும் அழுத்த மாத்திரையை முந்தின இரவும் சாப்பிடவில்லை, அன்று காலையும் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, உங்கள் பக்கத்தில்தான் போட்டிருக்கிறது என்று கைபேசியை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

பழைய பக்கத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதன் இருபத்துநான்காவது வரியில், இன்னின்ன நோய்க்கான மருந்துகளை மருத்துவர் கூறினாலொழிய நிறுத்தலாகாது என்று இருந்தது. அந்த வாக்கியம் சிக்கிச் சுருண்டு கிடந்தது. ஆனால் இருந்தது. புள்ளியம்மா சுருக்கும்போது, சர்க்கரை மாத்திரைக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று என்று அது நீளமாகப் போகிறதே என்று பார்த்து, எல்லா மாத்திரைக்கும் சேர்த்து ஒரே புள்ளி வைத்துவிட்டார்.

அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதைத் தட்டச்சு செய்ய வேண்டியவரும் அவர்தான் என்பதால், அடுத்த மேஜைக்காரர் சங்கடப்பட்டுத் தானே அடித்துக் கொடுத்தார். விடுப்பிலிருந்து திரும்பியிருந்த நிர்வாக அதிகாரி, பழைய பக்கத்தையே மறுபடி ஏற்றச் சொன்னார். புள்ளியம்மா அன்றைக்கே ஏற்றினார். விளக்கக் கடிதத்தை ஐந்து வரியில் எழுதினார். சுருக்கியது தான், விட்டுவிட்டதும் தான், மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஏற்றியதும் தான் என்று. அதில் அதிகாரியின் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதிகாரி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கோப்பில் வைத்து, கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் புள்ளியம்மா பெண்கள் பிரிவுக்குப் போனார். இஸ்திரி போடும் பெண் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். புள்ளியம்மா தான் யார் என்று சொன்னார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தார்.

அந்தப் பெண்ணுக்குத் திட்டத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தை எழுதியது ஒரு ஆள் என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்ததுபோல மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத் தெளிவா இருந்துச்சுங்க," என்றார். "இந்த மாதிரி எடத்துல எழுதியிருக்கறது எனக்கு எப்பவும் புரியாது. யாரையாவது கேட்பேன். இது புரிஞ்சுது. அதான் யாரையும் கேக்கல. அப்படியே செஞ்சேன்."

கை எப்படி இருக்கிறது என்று கேட்டார் புள்ளியம்மா. இப்போது பிடிமானம் வந்துவிட்டது, ஆனால் இஸ்திரிப் பெட்டியின் கனம் தாங்குமா என்று வீட்டுக்குப் போனால்தான் தெரியும் என்றார் அந்தப் பெண். புள்ளியம்மா தண்ணீர்ச் செம்பு தூரத்தில் இருந்ததை இடது கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கணவர் பின்னால் மகளிடம் சொன்னார். அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு, பழையபடி கடிதம் அடி, யார் கேட்கப் போகிறார்கள் என்றுகூட அவர் சொல்லிப் பார்த்தாராம்.

மருத்துவமனைத் தலைமை மருத்துவர் ஒரு கூட்டம் வைத்தார். நிர்வாக அதிகாரி, அறுவைச் சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலியர், புள்ளியம்மா. யாரும் கூப்பிடாமலே ஜீரோ சாரும் வந்திருந்தார். தொலைபேசியை அரை மணி நேரத்துக்கு வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே இரண்டாம் மாடி ஏறி வந்திருந்தார். நிர்வாக அதிகாரி, எல்லாம் எழுதியிருந்த பழைய பக்கமே பாதுகாப்பானது என்றார். ஜீரோ சார் பேச அனுமதி கேட்டு, கைபேசியைத் திறந்து, அந்தப் பழைய பக்கத்தை முழுக்க ஓடவிட்டார். நான்கு நிமிஷம் ஓடியது. முடிந்ததும் தலைமை மருத்துவரிடம், தண்ணீர் எப்போது வரை குடிக்கலாம் என்று அதில் வந்ததா என்று மட்டும் கேட்டார். மருத்துவருக்குச் சொல்லத் தெரியவில்லை. செவிலியருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"பழைய பக்கத்துல தப்பு நடக்கலைன்னு சொல்றோம்," என்றார் ஜீரோ சார். "படிச்சவங்க யாரும் இல்ல, அதான் நடக்கல. போன் பண்ணி எங்கிட்ட கேட்டாங்க. நான் பிரிவுக்குப் போட்டுக் கொடுத்தேன். லைன் கிடைக்காதவங்க டீ குடிச்சுட்டு வந்தாங்க."

தலைமை மருத்துவர் புள்ளியம்மாவிடம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவர். எழுந்து நின்றுகொண்டார். தான் குறைத்தது தப்பு இல்லை, எதைக் குறைக்கலாம் என்று தெரியாமல் குறைத்ததுதான் தப்பு, தலைமைச் செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்தால் மறுபடி எழுதித் தருகிறேன் என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பணிப் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை ஏறியது. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. பக்கத்தை எழுதும் வேலை அவரிடமே இருந்தது.

தலைமைச் செவிலியருக்கு நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. சாப்பாட்டு நேரத்தில், மாடிப்படியில், ஒரு தடவை லிஃப்ட்டுக்குள் என்று துண்டு துண்டாகப் பதினெட்டு நாள் உட்கார்ந்தார்கள். மாத்திரைகளைப் பற்றிச் செவிலியர் சொல்லச் சொல்ல, ஒருவருக்குச் சரியானது இன்னொருவருக்கு ஆபத்து என்பது புள்ளியம்மாவுக்கு விளங்கியது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே வரி எழுத முடியாது. கடைசியில் அந்தப் பகுதிக்குத் தனித் தலைப்பே கொடுத்தார், இயந்திரத்துக்கும் தெரிகிற தலைப்பு: 'தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' அதன் கீழே, 'நீங்களாக நிறுத்த வேண்டாம். எதைச் சாப்பிடலாம், எதை நிறுத்த வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு நாள் முன்பே இந்த எண்ணில் கேளுங்கள்,' என்று எழுதி, எண்ணைத் தொட்டாலே அழைப்பு போகும்படி செய்தார். மொத்தம் பதினாறு வரி வந்தது. ஒன்பதைவிடக் கூடுதல்தான். நிர்வாக அதிகாரி அதில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஓர் இடத்தில் 'தயவுசெய்து' சேர்க்கலாமா என்று கேட்டார். புள்ளியம்மா சேர்த்தார்.

அதிலிருந்து எந்தப் பக்கமானாலும் ஏற்றுவதற்கு முன்னால் மூன்று பேர் அதைப் பார்க்க வேண்டும் என்று அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்தவர் ஒருவர். காதால் கேட்கிற ஜீரோ சார். மூன்றாவது, பொறுமை இல்லாத ஆள். அதற்குக் கணவர் போதுமானவராக இருந்தார். அவர் விரல் எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரியை மறுபடி எழுதுவார். பக்கத்தின் அடியில், யார் சரிபார்த்தது, எந்தத் தேதியில் என்று ஒரு வரி வந்தது. அது முதலில் யார் கண்ணிலும் படவில்லை. பிறகு பிரிவுகளில் இருப்பவர்களே போன் செய்து, எங்கள் பக்கத்தில் தேதி பழையதாகிவிட்டதே என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு பிரிவாக எழுதிக்கொண்டு போனவர், மூன்றாவது வருஷம் பிணவறைக்கு வந்தார். இறந்தவரின் உடலை எப்படிப் பெற்றுக்கொள்வது என்ற பக்கம். பழையதில் விதிமுறை எண்களும் உட்பிரிவுகளும் இருந்தன. அவர் இரண்டு நாள் பின்வாசலுக்குப் போய், அந்த அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். விதிமுறையை யாரும் கேட்கவில்லை. எந்த வாசலில் வண்டியை நிறுத்துவது, யார் யார் உள்ளே போகலாம், எந்தக் காகிதம் வேண்டும், கையில் இருந்த மோதிரம் யாரிடம் இருக்கிறது, எவ்வளவு நேரம் ஆகும். திரும்பத் திரும்ப இந்த ஐந்துதான். சிலர் கேட்டதையே மறந்து மறுபடி கேட்டார்கள். ஒருவர் பதிலைக் கேட்டுக்கொண்டே வேறு பக்கம் நடந்து போனார்.

ஐந்து கேள்வி, ஐந்து பதில். அவ்வளவுதான் பக்கம். அதை எழுத ஒரு மாதம் ஆயிற்று. ஆழ்ந்த இரங்கல் என்று மேலே ஒரு வரி போட வேண்டாமா என்று நிர்வாக அதிகாரி கேட்டார். வேண்டாம் சார், அதைத் தாண்டித்தான் வாசலைத் தேட வேண்டியிருக்கும் என்றார் புள்ளியம்மா. அதிகாரி யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சில வாரம் கழித்துப் பின்வாசல் பக்கம் போக வேண்டி வந்தது. பிணவறை உதவியாளர் வெளியே நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்பது குறைந்திருக்கிறதா என்று விசாரித்தார்.

"கொறையலம்மா," என்றார் உதவியாளர். "அதே அஞ்சுதான் கேக்குறாங்க. ஆனா போன்ல படிச்சுட்டு வந்து, இதுல போட்டிருக்கே, சரிதானான்னு கேக்குறாங்க. சரிதான்னு சொல்றேன். போயிடுறாங்க."

புள்ளியம்மா சரி என்றார். வண்டி ஒன்றைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது போக வழிவிட்டு ஒதுங்கி நின்றுவிட்டு, மாடிக்குப் போனார்.